அசன அண்டாவில் முங்கிய கிட்டார்

தூத்துக்குடி,
திங்கட்கிழமை.

பிரியமுள்ள மகள் ஜெஸ்மிக்கு அம்மா எழுதிக்கொள்வது.

கர்த்தருடைய இரக்கத்தால் இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி ரெனிஷும் சுகமாக இருக்கிறோம். அங்கே ஹாலிஃபாக்ஸில் நீயும் மாப்பிள்ளை ஜெஃப்ரியும் அந்தப் பனிக்குள்ளே சளி காய்ச்சல் இல்லாமல் நல்லபடியாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். மூன்று பேரும் சுகம் என்று நான் வழக்கத்துக்காக எழுதவில்லை, இந்தத் தடவை நிஜமாகவே எழுதுகிறேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தம்பி ஏன் என் போனை எடுக்க மாட்டேங்கான் என்று நீ கேட்கும்போதெல்லாம் குளிக்கிறான், தூங்குகிறான், கடைக்குப் போயிருக்கிறான் என்று ஏதாவது சொல்லிச் சமாளித்தேன். எந்நேரமும் குளித்துக்கொண்டே இருக்க அவன் என்ன மீனா என்று ஒரு நாள் கேட்டாய், எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. இந்த வீட்டில் போனில் பேசினால் அடுத்த அறைக்குக் கேட்கும். உன் அப்பா பேசினால் அடுத்த தெருவுக்கே கேட்கும், கனடா தூரம் என்பதால் சத்தமாகப் பேச வேண்டும் என்று இன்னமும் அவருக்கு நினைப்பு. அதனால்தான் எழுதுகிறேன். தபால் ஆபீசில் ஆயுசைக் கழித்தவளுக்கு ஒரு கவரில் ஸ்டாம்ப் ஒட்டுவதா கஷ்டம்.

நடந்தது இதுதான். ஆகஸ்டில் ரெனிஷ் சென்னையிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினானே, லீவு என்று உன்னிடமும் எங்களிடமும் சொன்னானே, அது லீவு இல்லை. கம்பெனியில் ஆட்களைக் குறைத்ததில் இவன் வேலையும் போய்விட்டது. அதை அவன் எங்களிடம் வாய் திறந்து சொல்வதற்கே பல வாரம் ஆனது, சொன்ன பிறகு அறைக்குள் போனவன்தான். வேலை போனது பெரிய காரியமில்லை, யாருக்குத்தான் போகவில்லை, ஆனால் இவன் ஊர் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். என்ன வேலை பாக்க, எங்கன இருக்க என்று யாராவது கேட்டுவிடுவார்களாம். முடி வெட்டக்கூடப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஹில்டா டீச்சர் ஒரு நாள் சாயங்காலம் சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தார்கள். இவன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான், அவர்கள் காபி குடித்து, என் கால்வலியை விசாரித்து, தங்கள் கால்வலியைச் சொல்லி முடித்து எழுந்து போகும் வரை வெளியே வரவில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனைக்குக்கூட வரவில்லை, பிள்ளை எங்க என்று கேட்டவர்களுக்கு வயிற்றுவலி என்று கோயில் வாசலில் நின்றே பொய் சொன்னேன். எனக்குப் பயமாக இருந்தது ஜெஸ்மி. என்னென்ன பயம் என்று எழுத மாட்டேன், அவன் அறைக் கதவின் தாழ்ப்பாளை எண்ணெய் போட்டுத் தருகிறேன் என்று உன் அப்பா கழற்றி எடுத்தவர் திரும்ப மாட்டவே இல்லை என்றால் நீயே புரிந்துகொள். உன்னிடம் சொல்லாமல் இருந்ததற்கு என்னை நன்றாக ஏசிக்கொள், வாங்கிக்கொள்கிறேன். சொல்லியிருந்தால் நீ அங்கே சாப்பிடாமல் கிடந்திருப்பாய், அல்லது விமானம் ஏறியிருப்பாய், இரண்டுமே எனக்கு வேண்டாமாக இருந்தது.

உன் கிட்டார் பீரோ மேலே உறைக்குள் கிடந்தது, முதல் சம்பளத்தில் வாங்கினாயே, அந்தக் கறுப்பு எலக்ட்ரிக் கிட்டார். நம் ஊர் உப்புக்காற்று எதை விட்டுவைத்தது, இரும்புக் கம்பி போட்ட ஜன்னலையே தின்றுவிடுகிறது, இதை விடுமா. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி உரிந்து, கம்பியெல்லாம் துருவேறிக் கிடந்தது. ஜனவரி பிறந்த புதிதில் ஒரு நாள் காலையில் நான் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது ரெனிஷ் பின்னால் வந்து நின்று, ம்மா, அக்கா கிட்டாருக்கு வேற பெயிண்ட் அடிச்சா அவ ஏசுவாளா என்று கேட்டான். இத்தனை மாதத்தில் அவனாக வந்து பேசிய முதல் பேச்சு. ஏச மாட்டா, நீ அடி மக்கா என்று நான் உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன், கறுப்பு போய்விட்டதே என்று இப்போது வருத்தப்படாதே. குளித்துக்கொண்டிருந்த உன் அப்பா தலையில் சோப்பு நுரையோடு கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, என்ன பெயிண்ட்டுலே வேணும் என்று கேட்டார். அந்த மனிதர் அன்றைக்கு ஈரத் தலையோடு உப்புத்தாள் வாங்கக் கடைக்குப் போனவர் கடையில் இருந்த எல்லா ரகத்திலும் வாங்கி வந்துவிட்டார்.

பெயிண்ட் அடிப்பது என்றால் பிரஷ்ஷால் அடிப்பது என்றுதான் நான் நினைத்தேன். இவன் செய்தது வேறு. கழுத்தைத் தனியாகக் கழற்றி, கம்பி, திருகு, வயர் எல்லாவற்றையும் பழைய இட்லித் தட்டில் குழி குழியாகப் பிரித்து வைத்து (இட்லித் தட்டு இனிமேல் அவனுக்குத்தான்), உடம்புப் பலகையை மட்டும் எடுத்துக் கறுப்பெல்லாம் போகத் தேய்த்து வெள்ளை அடித்துக் காயவைத்தான். பிறகு ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, அதில் வெங்காரப் பொடி (போராக்ஸ்) கரைத்து, மேலே எண்ணெய் பெயிண்ட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வெங்காரம் இருந்தால்தான் பெயிண்ட் தண்ணீர் மேலேயே விரியுமாம். விரிந்ததும் குச்சியால் லேசாகக் கலக்கிவிட்டு, பலகையை ஒரே முக்காக முக்கி எடுத்தால் மேலே மிதக்கிற கோலமெல்லாம் அப்படியே பலகையில் ஒட்டிக்கொள்ளும். ஒரு தடவை வந்த கோலம் இன்னொரு தடவை வராது, கோணலாக வந்தாலும் அதுதான். இதை அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது நான் கோலத்தைக் கவனிக்கவில்லை, அவன் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிட்டார் முங்குகிற அளவுக்குப் பாத்திரத்துக்கு எங்கே போவது. நம் வீட்டுப் பெரிய சட்டியில் பாதிதான் இறங்கியது. டிரம்களில் குடிதண்ணீர், அதில் கை வைத்தால் நானே ஆளைக் கொன்றுவிடுவேன் என்று எல்லோருக்கும் தெரியும். அப்போதுதான் உன் அப்பாவின் கண் பின்கட்டுக்குப் போனது. இந்த வருஷம் கோயில் பாத்திரங்களுக்கு அவர்தான் பொறுப்பு என்பதால், பிரதிஷ்டைப் பண்டிகையன்று சபை முழுவதும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் அசனத்துக்கான அண்டா, கரண்டி, வாளி எல்லாம் நம் வீட்டில்தான் அடுக்கியிருந்தன. அதிலே பெரியது, ஈயம் பூசிய பித்தளை அண்டா, சோறு வடிக்கிறது. தண்ணிதானல ஊத்தப் போறோம், அப்புறம் கழுவி வச்சிட்டாப் போச்சி என்று சொல்லிக்கொண்டே இவரே அதை உருட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிட்டார். கோயில் சாமானில் ஒரு கரண்டியை யாராவது இரவல் கேட்டாலே ரசீது உண்டா என்று கேட்கிற மனிதர். நானும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளை கேட்டிருந்தால் அன்றைக்கு அவர் கோயில் மணியையும் கழற்றிக் கொடுத்திருப்பார், நான் ஏணியைப் பிடித்திருப்பேன்.

திரேஸ்புரத்திலிருந்து அவன் கூடப் படித்த ரோச் வந்தான். அவன் படகுக்கு அடித்து மிச்சமிருந்த நீலம், பச்சை, கொஞ்சம் மஞ்சள் எல்லாம் டப்பா டப்பாவாகக் கொண்டுவந்தான். முதலில் போர் தண்ணீரை நிரப்பினார்கள், அது வாயில் வைக்க முடியாத உப்பு, பெயிண்ட் விரியாமல் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக மிதந்தது. நல்லவேளை உடைந்த நாற்காலிப் பலகையைத்தான் முக்கிப் பார்த்தார்கள், கிட்டாரை இல்லை. ரெனிஷ் முகம் விழுந்துவிட்டது, வேண்டாம் விட்டுடலாம் என்று எழுந்தான். நான் போய் என் குடிதண்ணீர் டிரம்மின் மூடியைத் திறந்துவிட்டு, மோந்து ஊத்துங்கல என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு வந்துவிட்டேன். அப்பாவும் ரோச்சும் குடம் குடமாக மொண்டு ஊற்றினார்கள். மறுபடி கூப்பிட்டபோது போனேன், தண்ணீர் மேலே நீலமும் பச்சையும் ஓடி ஓடி விரிகிறது, இவன் கழுத்து மாட்டுகிற இடத்தில் ஒரு கட்டையைத் திருகி அதைப் பிடித்துக்கொண்டு பலகையைச் சரித்து மெதுவாக உள்ளே இறக்கினான். முழுசாக முங்கியதும் ரோச் பழைய பேப்பரால் மேலே மிச்சம் மிதந்ததை ஓரமாக ஒதுக்கினான், இவன் வெளியே எடுத்தான். சிப்பியின் உள்பக்கத்தை வெயிலில் திருப்பினால் இருக்குமே, அப்படி இருந்தது.  ரோச்தான், ஏ மாப்ள, என் படகையும் இதுல முக்க முடியுமால என்று கேட்டான், ரெனிஷ் சிரித்தான் ஜெஸ்மி. சத்தமாகச் சிரித்தான். அன்றைக்கு மத்தியானம் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான், நான் அடுப்பு மேடையைத் துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டு அழுதேன்.

சாயங்காலம் அண்டாவைக் கவிழ்த்தபோதுதான் வினை தெரிந்தது. தண்ணீர் வடிய வடிய மிச்ச பெயிண்ட் உள்சுற்று முழுவதும் பட்டை பட்டையாகப் பிடித்துக்கொண்டது. புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன், அசையவில்லை. அப்பா பெயிண்ட் கரைக்கிற தின்னரை ஊற்றிச் சுரண்டினார், பெயிண்ட்டோடு ஈயமும் வந்தது, நாற்றம் போகவில்லை. உள்ளே முதலிலேயே ஒரு பாலிதீன் ஷீட்டை விரித்திருந்தால் போதுமாம், அது மூன்று பேருக்கும் எல்லாம் முடிந்த பிறகுதான் தோன்றியது. அசனத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை. அந்த அண்டா சும்மா அண்டாவும் இல்லை, அசனக் கமிட்டித் தலைவர் செல்வதுரை அண்ணாச்சியின் அப்பா கோயிலுக்குக் கொடுத்தது, விளிம்பில் அவர் பெயர் வெட்டியிருக்கும். அண்ணாச்சியின் கோபம் உனக்குத் தெரியும், பாட்டுப் புத்தகத்தைக் கீழே போட்டதற்கே பிள்ளைகளை வெளியே நிறுத்துகிறவர். உன் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நாம யாருக்கும் சொல்ல வேண்டாம், நான் எங்கனயாவது கொண்டு போய்ப் புதுசா ஈயம் பூசிட்டு வாரேன் என்றார். பூசுகிறவர் கிடைக்காவிட்டால் என்றேன். அடுக்குல கடைசில வச்சிருவேன், யாரு பாக்கப் போறா என்றார். எனக்கு வந்ததே கோபம், ஊர்ப் பிள்ளைகள் வயிற்றில் பெயிண்ட்டும் தின்னரும் போகட்டும் என்கிறீர்களா என்று நன்றாகக் கேட்டுவிட்டேன். அதற்கு அவர், வெளிய வந்த புள்ள திரும்ப உள்ள போயிட்டான்னா என்ன செய்வ ஜெயபாய் என்றார்.  கமிட்டியில் யாராவது அவனை நாலு வார்த்தை ஏசினால் மறுபடியும் அந்த அறைதான் என்று எனக்கும் தெரியும். அண்டாவைச் சொன்னால் பிள்ளை போகும், பிள்ளையைக் காப்பாற்றினால் ஊருக்குத் துரோகம், இரண்டுக்கும் நடுவில் நாங்கள் கிடந்து தவித்தோம். எங்கள் பேச்சு அடுத்த அறைக்குக் கேட்கும் என்பது அந்த நேரத்தில் இரண்டு பேருக்கும் மறந்துபோனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பக்கத்து அறையில் கமிட்டி கூடியது, அப்பா உள்ளே இருந்தார், நாங்கள் பெண்கள் ஜன்னலுக்கு வெளியே மர நிழலில் உட்கார்ந்து அசனத்துக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம். பார்த்தால் ரெனிஷ் வருகிறான். முடி வெட்டி, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நேரே கமிட்டி அறைக்குள் போனான். எனக்குக் கையில் இருந்த பூண்டு கையிலேயே நின்றது. அண்ணாச்சி, ஒரு விஷயம் சொல்லணும், பெரிய அண்டாவுல கிட்டார முக்குனேன், உள்ள பெயிண்ட் ஒட்டிட்டு, இனிமே அதுல சமைக்கக் கூடாது என்றான். உன் அப்பா எழுந்து, நாந்தான் எடுத்துக் குடுத்தேன், அவன் மேல தப்பில்ல என்று குறுக்கே வந்தார். நீங்க இருங்கப்பா, முக்குனது நானு என்றான். செல்வதுரை அண்ணாச்சி, எந்த அண்டாலே என்று கேட்டார். உங்க அப்பா பேரு வெட்டினது அண்ணாச்சி என்றான்.  ஏலே, எங்க ஐயா குடுத்த அண்டாவுலயா நீ கிட்டாரக் குளுப்பாட்டுன, கோயில் சாமான்னா உனக்கு விளையாட்டா, படிச்ச புள்ள செய்யுத வேலையா இது என்று ஆரம்பித்தார், நன்றாக ஏசினார், இவன் தப்புத்தான் அண்ணாச்சி, தப்புத்தான் அண்ணாச்சி என்று நின்றான், நகரவில்லை. எனக்கு எழுந்து போய் அவன் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடலாமா என்று இருந்தது, போகவில்லை, அதற்கு நான் என்ன பாடு பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

ஏசி முடித்ததும் அண்ணாச்சி தண்ணீர் குடித்தார். சரி, நீ சொல்லாம இருந்தா சபையே பெயிண்டத் தின்னுருக்கும், சொன்னியே என்றார். பிறகு தீர்ப்பு சொன்னார். சமையலுக்கு வேறு அண்டா வாடகைக்கு எடுக்க வேண்டும், அந்த அண்டா இனிமேல் கை கழுவுகிற தண்ணீருக்கு, ரெனிஷ் அசனத்தன்று முதல் பந்தியிலிருந்து கடைசிப் பந்தி வரை நின்று பரிமாற வேண்டும், ஒரு பந்தி விடக்கூடாது. அவர் சின்ன தண்டனை கொடுத்ததாக நினைத்தார். எனக்கு அது சின்னதாகப் படவில்லை. யார் கேட்டுவிடுவார்களோ என்று ஆறு மாதமாக ஒளிந்திருந்த பிள்ளையை அத்தனை பேர் முன்னாலும் வாளியும் கையுமாக நிறுத்துகிறாரே என்று வீட்டுக்கு வந்து முணுமுணுத்தேன். ரெனிஷ் என்னைப் பார்த்து, பரவால்லம்மா, சாம்பார்தான என்று சொல்லிவிட்டுக் கிட்டாரைத் துடைக்கப் போய்விட்டான். கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறையில் கொடுத்து அதற்கு மேல்பூச்சும் அடித்து வாங்கி, புதுக் கம்பி மாட்டினான், இப்போது முகம் பார்க்கலாம் போல் பளபளக்கிறது.

பண்டிகையன்று பாடகர் குழுவில் கிட்டாருக்கு ஆள் இல்லாமல் இருந்தது, உன்னிடம் வாசிக்கக் கற்றவன்தானே என்று அவனையே வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தான், நடுவில் ஒரு இடத்தில் தப்பினான், யாரும் கவனிக்கவில்லை, எல்லோரும் கிட்டாரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வதுரை அண்ணாச்சி பக்கத்தில் வந்து தடவிப் பார்த்துவிட்டு, பெயிண்ட் நல்லாத்தான் பிடிச்சிருக்கு, அண்டாவுலயும் நல்லாத்தான் பிடிச்சிருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு பந்தி. நான் முதல் பந்தியிலேயே ஹில்டா டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன், எழுந்து போக முடியாது, இலை போட்டாயிற்று. இவன் சாம்பார் வாளியோடு வரிசையாக வருகிறான். எங்களுக்கு நாலு இலை தள்ளி ஒருத்தர் அவனிடம் ஏதோ கேட்டார், அதற்கு என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. எங்கள் இலைக்கு வந்தான். டீச்சர் அண்ணாந்து பார்த்து, ஏலே ரெனிஷு, எவ்வளவு நாளாச்சி, இப்ப என்ன வேலை பாக்க என்று கேட்டார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டேன். வேலை போயிட்டு டீச்சர், வேற தேடிட்டு இருக்கேன், வீட்டுலதான் இருக்கேன், சாம்பார் ஊத்தட்டா என்று கேட்டான்.  ஊத்துப்பா, கொஞ்சம் தாராளமா ஊத்து, அன்னைக்கு நான் வீட்டுக்கு வந்தப்பவும் உள்ளதான இருந்த, எனக்குத் தெரியும் என்று டீச்சர் சொன்னார்கள். ஆமா டீச்சர் என்று சிரித்துக்கொண்டே ஊற்றிவிட்டு என் இலைக்கு வந்தான். எனக்குப் போதும் என்று சொல்ல வாய் வரவில்லை, அவன் ஊற்றிக்கொண்டே இருந்தான், சோறு மிதந்தது. அவ்வளவையும் சாப்பிட்டேன்.

வேலை கிடைத்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான், இன்னும் கிடைக்கவில்லை. இரண்டு இடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறான், அடுத்த வாரம் திருநெல்வேலியில் ஒருவரைப் பார்க்கப் போகிறான், போகட்டும், வந்தால் வரட்டும். மற்றபடி இங்கே மழை நின்றுவிட்டது, என் முழங்கால் பரவாயில்லை, அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, அசனத்தில் அவர் சாப்பிட்ட சாப்பாட்டுக்கு அது கூடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். உன் மாமியாரிடம் பேசினேன், நாசரேத்தில் எல்லோரும் சுகம். குளிரில் ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே. மாப்பிள்ளையிடம் எங்கள் அன்பைச் சொல். கர்த்தர் உங்கள் இருவரின் போக்கையும் வரத்தையும் காத்து, கையின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக.

மறக்காமல் ஒன்று. நீ தம்பியிடம் பேசும்போது வேலை என்ன ஆச்சு என்று கேட்கப் பயந்து வேறு எதையாவது சுற்றி வளைத்துப் பேசாதே, நேராகவே கேள். இப்போது சொல்லுவான்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஜெயபாய் தேவபிரசாதம்.